கால்கள் ஓய்ந்தபின்



பிறந்த ஊரில் ஒரு வீட்டில் நோய் புகுந்தால், அடுப்பு மூட்ட அடுத்த வீட்டார் உண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அத்தையும் சித்தியும் உண்டு. இரவில் கண்விழிக்க அண்ணன் தம்பிகள் உண்டு. பிழைப்பை நாடி வேற்றூர் வந்த நமக்கோ அதே நோய் இரு மடங்கு பாரமாகின்றது. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தெலுங்கில் எழுதித் தருவதற்கும் ஒருவரைத் தேடவேண்டும். சம்பளம் நின்ற மாதத்தில் வீட்டு வாடகைக்கும் வழி தேடவேண்டும். நாயுடுபேட்டையில் குடியேறியுள்ள நம்மவர் பலர் இதனைத் தம் வாழ்விலேயே கண்டிருப்பர். அத்தகைய வேளையில், "எனக்கு ஏன் இந்தச் சோதனை?" என்னும் கேள்வி எந்த மதத்தினர் உள்ளத்திலும் எழுவதே. கிறிஸ்தவ விசுவாசம் அக்கேள்வியை எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதை இம்மாதம் ஓர் உண்மை வாழ்க்கையைக் கொண்டு நோக்குவோம்.

நமது ஊரிலிருந்து மேற்கே செல்லும் சாலை காளஹஸ்தி, ரேணிகுண்டா, திருப்பதி வழியாகப் பூதலப்பட்டை அடைகின்றது. அங்கிருந்து சித்தூரைக் கடந்தால் வேலூர். கடும் நோய் கண்டவரை அழைத்துக்கொண்டு நம்மவரும் அவ்வழியே செல்வதுண்டு. அவ்வூரிலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவ நிலையத்திலிருந்து வளர்ந்ததாகும். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கு உருவாயிற்று. அந்நிறுவனத்தில் பயின்று, அங்கேயே மருத்துவராகப் பணியேற்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். நாம் நினைவுகூர விரும்புவது அவரைத்தான்.

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கொச்சிப் பகுதியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவப் படிப்பை முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விருப்பத்தோடு உழைத்துவந்தார். இளமை, கல்வி, கைத்திறமை, தொண்டு செய்யும் ஆவல் ஆகிய எல்லாம் அவரிடம் இருந்தன. 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு விடுமுறை நாளன்று உடன் பணிபுரியும் இளம் மருத்துவர்களோடு உல்லாசப் பயணமாக மோட்டார் வண்டியில் சென்றார். வழியில் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம் ஏற்பட்டது. அதனினும் கொடிது, முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சிதைந்துபோயிற்று. இடுப்பிற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் பாதை. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். ஆனால் முற்றிலும் சிதைந்த தண்டுவடத்தை மீண்டும் இணைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி இன்றுவரை மருத்துவத்திற்குக் கைவரவில்லை. மேரி வர்கீஸ் மருத்துவர். ஆகையால் தமக்கு நேர்ந்தது யாதென்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் அவருக்கு நெடுநாள் இருந்திருக்க முடியாது. நேற்றுவரை நோயாளிகளின் படுக்கையருகே நின்றவர் இன்று தாமே படுக்கையில் கிடந்தார். வேதனை மிகுந்த சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. கால்கள் திரும்பவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். விசுவாசமுள்ளவர் ஜெபம் செய்தால் துன்பம் நீங்கிவிடும் என்று எளிதாகப் பேசுவோர் உண்டு. துன்பம் நீங்காவிடில் நோயாளியின் விசுவாசத்தில்தான் குறை என்று தீர்ப்புக் கூறுவோரும் உண்டு. கிறிஸ்தவ வேதமோ அவ்வாறு கூறவில்லை. அப்போஸ்தலராகிய பவுல் தம் சரீரத்தில் முள்போல் தைத்துக்கொண்டிருந்த ஒரு நோவு நீங்கவேண்டுமென்று மூன்று முறை மன்றாடினார். அந்த முள் எடுக்கப்படவில்லை. அதனோடு வாழ்வதற்கான பலம் அருளப்பட்டது. இயேசு பெருமானும் தாம் பிடிபட்ட இரவில், அப்பாடு தம்மைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று வேண்டினார். அது நீங்கவில்லை, அவர் அதனூடே நடந்து சென்றார். ஆகவே நோய் நீங்காத ஒருவரை விசுவாசமற்றவர் என்று சொல்லுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அவ்வாறு சொல்லுவோர் பவுலையும் அப்பட்டியலில் சேர்க்கவேண்டியவராவர்.

மேரி வர்கீஸின் வாழ்க்கை திரும்பிய இடம் எது? வேலூரில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை உருவாக்கியவர் அவர். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகின்றது. நரம்பு செயலிழந்தால் விரலை இயக்கும் சிறு தசைகள் சோர்ந்துவிடுகின்றன; கை பருந்தின் நகம்போல் வளைந்துவிடுகின்றது. டாக்டர் பிராண்ட், முன்கையில் நலமாயுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து விரலோடு இணைத்து, அதனைப் புதிய வேலைக்குப் பழக்கினார். பிச்சைக்காக மட்டுமே நீட்டப்பட்டு வந்த கைகள் அதன்பின் உளியைப் பிடித்தன; எழுதுகோலைப் பிடித்தன.

அவர் மேரி வர்கீஸிடம் வந்தபோது இரக்க மொழிகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை, வேலையையும் அளித்தார். கையில் செய்யும் அறுவைக்கு மருத்துவர் நிற்கவேண்டிய தேவையில்லை, உட்கார்ந்தவாறே செய்யலாம். கால்கள் ஓய்ந்தன, ஆனால் கைகளும் கண்களும் கல்வியும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக்கொண்டு ஏன் தொழுநோயாளர்க்கு உதவக்கூடாது? இதுவே அவர் காட்டிய வழி. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குள் சென்றார். தம்மால் எழுந்து நிற்க முடியாத ஒருவர், பிறருடைய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார்.

அந்த மருத்துவருக்கும் அந்த நோயாளிகளுக்கும் இடையே இருந்த ஒற்றுமை நம் கருத்திற்குரியது. தொழுநோயாளர்க்குக் கைகால்களில் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும், காலில் ஆணி தைத்தாலும் உணரமாட்டார்கள். ஆதலால் காயம் பெருகி விரல்களை இழக்கின்றனர். மேரி வர்கீஸுக்கும் இடுப்பிற்குக் கீழே வலி தெரியாது. ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்தால் தோல் நசுங்கிப் புண்ணாகும். அதனை அவர் உணரமாட்டார். ஆகவே, உணர்ச்சியற்ற உடலை எவ்வாறு பேணவேண்டும் என்று அவர் நோயாளிக்குக் கூறும்போது, தாமே அன்றாடம் செய்துவந்த ஒன்றைக் கூறினார். அவர் சொல்லுக்கு இருந்த வலிமை அதுவே.

இத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்று, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் பயிற்சியைப் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் புனர்வாழ்வு மருத்துவத்தைக் கற்றார். உடல் ஊனமுற்றோர்க்கு எஞ்சியுள்ள ஆற்றலை வளர்த்து, அவர்களை வீட்டிற்கும் தொழிலுக்கும் திரும்பச் செய்வதே அம்மருத்துவத்தின் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்குப் பயிற்சி அளித்த அனுபவத்திலிருந்து டாக்டர் ரஸ்க் அதனை வளர்த்தவர். அக்கல்வியோடு மேரி வர்கீஸ் வேலூருக்குத் திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ஆம் ஆண்டில் வேலூரை அடுத்த பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவரும், கிணற்றில் தவறியவரும், சாலை விபத்தில் அடிபட்டவரும் அங்கே தங்கி, மீண்டும் வாழக் கற்றுக்கொள்ளும் இடம் உண்டாயிற்று. 1972-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986-இல் அவர் காலமானார். விபத்திற்குப்பின் அவர் வாழ்ந்தது முப்பத்திரண்டு ஆண்டுகள். அவர் பெயரை இன்று நாம் அறிந்திருப்பது அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளின் பணியினாலேயே.

இவ்வாழ்க்கையைப் படித்து, "ஆகவே விபத்து நல்லதே, கடவுள் வேண்டுமென்றே அதனை அனுப்பினார்" என்று முடிவுகட்டுதல் தவறு. விபத்து விபத்துதான், இழப்பு இழப்புதான். ஓர் இளம்பெண்ணின் கால்கள் போனதை நன்மை என்று பெயரிட்டழைக்க நமக்கு மனம் துணியாது. பிறவியிலேயே பார்வையற்ற ஒரு மனிதனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் வினவியபோது, இயேசு பெருமான் இரண்டையும் மறுத்தார். அவன்மீது குற்றத்தைத் தேடும் பேச்சை அங்கேயே நிறுத்தி, அவனுக்குச் செய்யவேண்டிய கிரியையின் பக்கம் சீடர்களின் பார்வையைத் திருப்பினார். "ஏன்?" என்பதற்குக் கிறிஸ்தவ விசுவாசம் முழு விடை தருவதாக நாம் சொல்லமாட்டோம். "இனி என்ன?" என்பதற்கு அது ஒரு துணையைத் தருகின்றது. துன்பத்தைத் தாமே அறிந்த ஒருவர் உடனிருக்கின்றார் என்ற நம்பிக்கையே அத்துணை. அந்நம்பிக்கையோடு, எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்க்கும் துணிவும் வருகின்றது.

மற்றொன்றும் கூறவேண்டும். டாக்டர் பிராண்டுக்கு அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? அவர் 1914-இல் நமது தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் அம்மலையில் ஊழியம் செய்தனர். 1929-இல் தந்தையார் காய்ச்சலால் இறந்தார். மகன் அப்போது பள்ளிப் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார். கணவரை இழந்த எவலின் அம்மையார் ஊழியத்தை விட்டுவிடவில்லை. ஓய்வு பெறும் வயது வந்தபின்பும் மலைக்கே திரும்பினார். மட்டக்குதிரையில் ஏறியும், கால் தளர்ந்தபோது மூங்கில் கோல்களை ஊன்றியும் மலைக் கிராமங்களுக்குச் சென்றார். 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்து, தம் கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பட்டார். இத்தகைய தாயின் மகன், கால் இழந்த ஒரு சக மருத்துவரைப் பார்த்தபோது, முடிந்துபோன வாழ்க்கையாக அதனைக் காணாததில் வியப்பில்லை.

தாம் துன்பத்தில் பெற்ற ஆறுதலைக்கொண்டே மற்றவரைத் தேற்றக் கடமைப்பட்டுள்ளோம் என்பது பவுல் எழுதிய நிருபங்களில் காணும் ஒரு கருத்து. தாயிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து மேரி வர்கீஸுக்கும், அவரிடமிருந்து பாகாயத்தில் பயிற்சி பெற்ற நோயாளிகளுக்கும் ஆறுதல் ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கேற்றுவதுபோல் சென்றதைக் காண்கின்றோம். வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டால்தான் கடவுளின் ஆறுதல் என்று எண்ணவேண்டியதில்லை. பெரும்பாலும் அது ஒரு மனிதரின் உருவில் படுக்கையருகே வந்து அமர்கின்றது.

ஆகவே இது துன்புறுவோர்க்கு மட்டும் உரிய பாடமன்று. பார்க்கச் செல்லும் நமக்கும் உரியது. வேதத்தில் யோபு என்னும் பக்தர் மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்தபோது, எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் வந்தனர். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாதிருந்தனர். அதுவரையில் அவர்கள் நல்ல நண்பர்கள். பின்னர் வாய்திறந்து, உன் பாவத்தால்தான் இது வந்தது என்று காரணம் கூறத் தொடங்கினர். அந்நாள்முதல் அவர்களே அவருக்கு ஒரு புதிய வேதனையாயினர். நம்மிடையேயும், "என்ன பாவம் செய்தாளோ" என்னும் சொல் நாவில் எளிதில் வருகின்றது. எந்த மதத்தினராயினும் அச்சொல்லை நோயாளியின் வாசற்படிக்கு வெளியே விட்டுச் செல்லுதல் நலம்.

நம் சங்கத்தில் திருநீறு அணிவோரும், திருநாமம் தரிப்போரும், தொழுகைக்குச் செல்வோரும், தேவாலயத்திற்குச் செல்வோரும் உள்ளனர். துன்பம் வந்த வீட்டிற்குச் செய்யவேண்டியவற்றில் நமக்குள் வேற்றுமை இல்லை. சென்று அமருங்கள். அதிகம் வினவாதீர்கள். ஒரு வேளைச் சோறு எடுத்துச் செல்லுங்கள். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வாருங்கள். தெலுங்கு எழுதத் தெரிந்தவர் மனு எழுதிக் கொடுக்கட்டும். விடுப்பு எடுக்கக்கூடியவர் வேலூருக்குத் துணையாகச் செல்லட்டும். ஒரு மாதம் கழிந்தபின் மீண்டும் செல்லுங்கள். முதல் வாரத்தில் வீடு நிறையும், மூன்றாம் மாதத்தில்தான் தனிமை வரும்.

நமது ஊரின் வழியாகச் சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை ஓடுகின்றது. ஆதலால் இதனையும் நினைவிற் கொள்ளவேண்டும்: விபத்தில் அடிபட்டவரைக் கைகளைப் பிடித்துத் தூக்கி, உட்காரவைத்து, ஆட்டோவில் மடக்கிக் கிடத்துவது தண்டுவடத்தை மேலும் சிதைத்துவிடக்கூடும். 108 எண்ணிற்குத் தெரிவித்து, கழுத்தும் முதுகும் அசையாதவாறு அவரைக் கிடத்தி வையுங்கள். தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். அவருக்கு வலி தெரியாததால் பார்ப்பவரே தோலைக் கவனிக்கவேண்டும். ஜெபம் செய்யும் வீட்டில் மருந்தை நிறுத்தவேண்டியதில்லை. மேரி வர்கீஸ் ஜெபித்தவர்தாம். அறுவைச் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் தம்மை உட்படுத்திக்கொண்டவரும் அவரே. இரண்டிற்கும் அவர் பகை காணவில்லை.

இறுதியாக, டாக்டர் பிராண்ட் செய்ததை நாமும் செய்யலாம். நோயுற்றவருக்கு உதவுவதோடு, அவருடைய உதவியையும் கேளுங்கள். நடக்க இயலாத பெரியவர் சிறுவர்க்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கலாம். கையொடிந்த தொழிலாளி சங்கக் கணக்கைச் சரிபார்க்கலாம். கண்மங்கிய பாட்டி குழந்தைக்குத் தாலாட்டுப் பாடலாம். ஒருவர் தம்மால் எவருக்கும் பயனில்லை என்று எண்ணத் தொடங்கும்போதுதான் துன்பம் அவரை உண்மையில் வெல்கின்றது. அந்த எண்ணத்தை அகற்றுவது நம் கையில் உள்ளது. நம் நாட்டுச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு முதல் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்று, அவற்றை உடையோர்க்குக் கல்வியிலும் வேலையிலும் உரிமை வழங்கியுள்ளது. அந்த அடையாள அட்டையைப் பெற ஒருவருக்குத் துணைநிற்பதும் தேவபணியே.

இம்மாதம் துயரத்தில் இருக்கும் வாசகர் எவரேனும் இப்பகுதியைப் படிப்பராயின், அவரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அழவேண்டுமாயின் அழுங்கள், அது விசுவாசக் குறைவன்று. சங்கீதங்களைப் பாடிய பக்தர்களும் கடவுளிடம் முறையிட்டு அழுதவர்களே. அழுது முடிந்தபின், உங்களிடம் இன்னும் எஞ்சியிருப்பது யாதெனச் சற்று எண்ணிப் பாருங்கள். தனியே எண்ண இயலாவிடில் எங்களில் ஒருவரை அழையுங்கள். நாங்கள் வந்து அமருகின்றோம். ஆண்டவர் உங்களுக்குத் திடன் அளிப்பாராக.